நடவாத சரித்திரம்



'அன்று அப்படி நடவாமல் இப்படி நடந்திருந்தால்?' என்று எண்ணிப் பார்ப்பது மனிதனோடு உடன்பிறந்த பழக்கம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் வரலாற்றை எழுதிய லிவி என்னும் பேரறிஞர், ஆசியாவை வென்ற அலெக்ஸாந்தர் மேற்கே திரும்பி ரோமாபுரியின்மீது படையெடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று தம் நூலில் ஓரிடத்தில் நின்று ஆராய்ந்தார். ரோமாபுரியே வென்றிருக்கும் என்று முடிவும் கட்டினார். 1957-ஆம் ஆண்டில் ஹ்யூ எவரெட் என்னும் அமெரிக்க இளைஞர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரையோ, ஒரு நிகழ்ச்சிக்கு இயலக்கூடிய முடிவுகள் யாவும் தனித்தனிக் கிளைகளாக உள்ளன என்ற கொள்கைக்கு இயற்பியலிலேயே வித்திட்டது. வரலாற்றாசிரியனும் விஞ்ஞானியும் ஒருங்கே கேட்ட வினா இது.

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நமக்கோ இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஊரிலேயே தங்கியிருந்தால் பெற்றோரின் கடைசி நாட்களில் உடனிருந்திருப்போமே என்ற எண்ணமும், வராதிருந்தால் இந்தச் சோறும் இந்த வீடும் நமக்கு ஏது என்ற எண்ணமும் மாறி மாறி வந்து செல்கின்றன. இந்த வினாவையே கதைப்பொருளாக்கி, ஜப்பான் நாட்டில் 1999-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிடப்பெற்ற வீடியோ விளையாட்டு ஒன்றைக் குறித்து இன்று சில சொல்ல விழைகின்றோம். அதன் பெயர் 'க்ரோனோ க்ராஸ்'. ஸ்க்வேர் என்னும் நிறுவனம், ப்ளேஸ்டேஷன் கருவிக்காக இரண்டு குறுந்தட்டுகளில் அதனை வெளியிட்டது.

விளையாட்டைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கின்றது என்று பெரியோர் சிலர் வியக்கக்கூடும். இதனை வேடமேற்று ஆடும் ஆட்டம் என்பர். நம் தெருக்கூத்தில் ஒருவர் கர்ணன் வேடம் தரித்து நின்றால், விடியும் வரையில் அவர் கர்ணனே. இங்கும் ஆடுபவர் ஒரு பாத்திரத்தின் உடலுக்குள் புகுந்து, அதன் கண்களால் ஊர்களைக் கண்டு, அதன் கைகளால் போரிடுகின்றார். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கூத்தில் கர்ணன் எந்த இரவிலும் பிழைப்பதில்லை. கதை முன்னரே முடிந்த முடிபு. இவ்வாட்டத்திலோ, சில சந்திகளில் எவ்வழி செல்வதென்று ஆடுபவரே துணிய வேண்டும். துணிந்ததற்கேற்பக் கதையும் திரும்பும். 'இப்படி நடந்திருந்தால்' என்னும் வினாவைக் கேட்பதற்கு இதனினும் ஏற்ற கலை வடிவம் அரிது.

க்ரோனோ க்ராஸ் தனியே முளைத்த செடியன்று. அதற்குத் தமையனாக 1995-ஆம் ஆண்டில் 'க்ரோனோ ட்ரிக்கர்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. ஹிரோனோபு சகாகுச்சி, யூஜி ஹோரி, ஓவியர் அகிரா தோரியாமா ஆகியோரின் கூட்டுறவில் பிறந்தது அது. அதன் கதை 1000-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. க்ரோனோ என்னும் இளைஞனும் அவன் தோழர்களும் தற்செயலாகக் காலத்தைக் கடந்து 2300-ஆம் ஆண்டுக்குச் சென்று விடுகின்றனர். அங்கே வானம் இருண்டு, நிலம் மலடாகி, எஞ்சிய மாந்தர் பசியோடு ஒடுங்கிக் கிடக்கின்றனர். 1999-ஆம் ஆண்டில் பூமியின் அடியிலிருந்து எழுந்த லாவோஸ் என்னும் பூதம் உலகை அழித்தது என்பதை ஒரு பழைய பதிவின் வாயிலாக அவர்கள் அறிகின்றனர். அவ்வழிவை நிகழவொட்டாமல் தடுப்பதே அவர்கள் மேற்கொண்ட பணி.

அந்த ஆட்டத்தில் சரித்திரத்தைத் திருத்துவது பெரும்பாலும் நற்செயலாகவே காட்டப்படுகின்றது. பாலைவனமாகிப்போகும் ஒரு நிலத்தைக் காடாக்குவதற்காக, இயந்திர மனிதன் ஒருவன் 600-ஆம் ஆண்டில் பின்தங்கி விடுகின்றான். தோழர்கள் காலக்கலத்தில் ஏறி ஒரு நொடியில் 1000-ஆம் ஆண்டுக்கு வருகின்றனர். அவனோ நானூறு ஆண்டுகள் அந்நிலத்தில் உழைத்து முடித்திருக்கின்றான். இயந்திரத்தில் சிக்கிக் கால்களை இழந்த ஒரு தாயை, அவ்விபத்து நேர்ந்த நாளுக்கே திரும்பிச் சென்று மகள் காப்பாற்ற முயலும் காட்சியும் உண்டு. இறுதியில் பூதம் வீழ்கின்றது, இருண்ட எதிர்காலம் இல்லாமற் போகின்றது, அனைவரும் மகிழ்கின்றனர். தவற்றைக் கண்டால் திருத்தலாம் என்பது அதன் நம்பிக்கை.

இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் இடையே, 1996-ஆம் ஆண்டில், 'ராடிக்கல் ட்ரீமர்ஸ்' என்னும் சிறிய ஆட்டம் ஒன்று வெளிவந்தது. படங்கள் குறைவு, பெரும்பாலும் எழுத்தாலேயே நடக்கும் கதை அது. வானொலி நேயர்களுக்கு உவப்பளிக்கும் செய்தி யாதெனின், அது கடையில் விற்கப்படவில்லை. செயின்ட் கீகா என்னும் செயற்கைக்கோள் வானொலி நிறுவனத்தின் ஒலிபரப்பு வாயிலாக இல்லங்களுக்கு அனுப்பப்பட்டது! நிண்டெண்டோ கருவியோடு பொருத்திய ஒரு துணைக்கருவி அதனை ஏற்றுக்கொண்டது. அச்சிறு கதையின் வித்தையே எடுத்து, அதனை எழுதிய மசாதோ கதோ என்பவர், மூன்றாண்டுகளுக்குப் பின் க்ரோனோ க்ராஸை இயக்கினார். முதலாட்டத்தின் கதையை அமைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். ஆகவே, தாம் பங்குகொண்டு தந்த மகிழ்ச்சியான முடிவைத் தாமே மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார் எனலாம்.

கதைக்கு வருவோம். எல் நிடோ என்பது ஒரு தீவுக்கூட்டம். ஆண்டு 1020. அர்னி என்னும் மீனவச் சிற்றூரில் செர்ஜ் என்னும் பதினேழு வயது இளைஞன் வாழ்கின்றான். தோழி லீனாவுக்கு ஓர் அணி செய்துதர, பல்லியினத்தின் செதில்களைத் திரட்டிக்கொண்டு அவன் கடற்கரையில் நிற்கும்போது, அலையோசைக்கு நடுவே யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதாக உணர்ந்து மயங்கி வீழ்கின்றான். கண்விழித்து ஊருக்குத் திரும்பினால், தெருக்கள் அவையே, குடில்கள் அவையே. ஆனால் அவனை அறிவார் ஒருவரும் இல்லை. லீனாவோ, அப்பெயருடைய சிறுவன் பத்தாண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கி இறந்தான் என்கின்றாள். கடலை நோக்கிய ஒரு முனையில் அவனுக்குக் கல்லறையும் இருக்கின்றது. தன் பெயர் பொறித்த கல்லின் முன் செர்ஜ் நிற்கின்றான்.

ஏழு வயதில் அவன் நீரில் மூழ்கிய அந்நாளில் உலகம் இரண்டாகக் கிளைத்து விட்டது. ஒன்றில் அவன் பிழைத்தான்; மற்றொன்றில் இறந்தான். ஒரு சிறுவன் இருந்தால் என்ன, இறந்தால் என்ன, உலகம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நாம் கருதுவோம். ஆட்டமோ இரண்டு உலகங்களுக்கும் இடையே நம்மைப் பலமுறை நடத்திச் சென்று, ஊர் ஊராக, வீடு வீடாக வேற்றுமைகளைக் காட்டுகின்றது. அதன் தலைசிறந்த பகுதி இதுவே என்பது நம் கருத்து.

டெர்மினா என்னும் துறைமுக நகரை எடுத்துக்கொள்வோம். செர்ஜ் இறந்துபட்ட உலகில், படைத்தலைவர் வைப்பர் தம் வீரர்களுடன் அந்நாட்டை ஆண்டு வருகின்றார். அவன் உயிரோடிருக்கும் உலகிலோ, வைப்பரும் அவர் படையும் மூன்றாண்டுகளுக்கு முன் கடற்பயணம் ஒன்றில் காணாமற் போய்விட்டனர். பொர்ரே என்னும் அயல்நாட்டுப் படை நகரைக் கைப்பற்றியிருக்கின்றது. நாயகன் பிழைத்த உலகுதான் நல்ல உலகு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி கதை அமைந்துள்ளது.

அதே நகரில் வான் என்றொரு சிறுவன். அவன் தந்தை பெயர் கோ. இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் வறுமையில் வாடிய அந்த டச்சு ஓவியர் நினைவுக்கு வருவார். ஆக்கியோர் அதனைக் கருதியே பெயரிட்டனர் போலும். ஓர் உலகில் கோ தூரிகையைக் கைவிடாத ஏழை ஓவியர். வீட்டு வாடகை கொடுக்கவும் வழியின்றித் தந்தையும் மகனும் அல்லற்படுகின்றனர். மற்றோர் உலகில் அவரே ஓவியத்தைத் துறந்து வணிகராகிப் பெருஞ்செல்வம் ஈட்டிவிட்டார். அங்கே வானுக்கு வேண்டியது யாவும் கிடைக்கின்றது, தந்தையின் பொழுதைத் தவிர. மகன் ஒருவன், தந்தை ஒருவர், வாழ்க்கை இரண்டு. எதனை மேலென்பது? பொருள் தேடிப் புறப்பட்டு வந்தவர்களின் இல்லங்களில் இந்த வினாவுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. அர்னியில் ஓர் உலகில் வலைவீசிப் பிழைக்கும் மீனவர், மற்றோர் உலகில் தொழிலைக் கைவிட்டு, வைக்கோற் பொம்மை ஒன்றை வழிபட்டுக்கொண்டு நிலவறையில் அடைந்து கிடக்கின்றார். முதல்வருக்கு இரண்டாமவரைப் பற்றித் தெரியாது. நம்முள்ளும் அத்தகைய ஒருவர் இருந்திருக்கக்கூடும் என்பதை அறியாமலேயே நாம் அனைவரும் நடமாடிக்கொண்டிருக்கின்றோம்.

தேர்வு எத்துணைக் கடினம் என்பதற்கு ஓரிடம் சொல்வோம். செர்ஜுக்குத் துணையாக வரும் கிட் என்னும் பெண், லிங்க்ஸ் என்னும் பகைவனின் நச்சுக்கத்தியால் தாக்குண்டு சாகக் கிடக்கின்றாள். மருந்து, ஹைட்ரா என்னும் விலங்கின் உடற்சாறு. அவ்வுலகில் மனிதர்கள் அவ்விலங்கை வேட்டையாடி அடியோடு அழித்துவிட்டனர். மற்ற உலகின் சதுப்பு நிலத்தில் அது இன்னும் வாழ்கின்றது. சென்று கொணரலாமா, வேண்டாவா என்று ஆட்டம் கேட்கின்றது. எவரும் சென்று கொணரவே விரும்புவர். ஹைட்ரா கொல்லப்படுகின்றது. பின்னர், அச்சதுப்பில் வாழ்ந்த குள்ளர்கள் தம் நிலம் கெட்டதென்று, தேவதைகளின் தீவின்மீது பாய்ந்து அவர்களைக் கொன்று குவிக்கின்றனர். ஓருயிரைக் காத்த கை, மற்றோர் இனத்தின் குருதியில் நனைகின்றது. இதில் வியப்பு யாதெனின், மருந்து தேடிச் செல்ல மறுத்தாலும் கிட் வேறொரு வழியால் பிழைத்துவிடுகின்றாள். நாம் செய்தே தீரவேண்டும் என்று கருதிய ஒன்று, செய்யாமலும் முடிந்திருக்கக் கூடியதே என்று பின்னர் அறிவது எத்துணைக் கசப்பு!

அடுத்து ஊழைப் பற்றி இவ்வாட்டம் சொல்வது தமிழர் செவிக்கு இனிதாக இருக்கும். எல் நிடோவின் ஊர்தோறும் 'விதியின் பதிவேடு' என்னும் ஒரு பொருள் நிற்கின்றது. மக்கள் அதனை அணுகி, எந்நாளில் எதனைச் செய்வது என்று வழிகேட்டு நடக்கின்றனர். ஆடுபவரும் ஆட்டத்தை இடையில் நிறுத்த விரும்பினால், அதுவரை நடந்ததை அதில் பதிந்து வைக்கலாம். கதையின் பிற்பகுதியில்தான் உண்மை வெளிப்படுகின்றது. எதிர்காலத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நகரம், சோதனை ஒன்று பிழைத்ததால் பத்தாயிரம் ஆண்டுகள் பின்னே எறியப்பட்டது. 'விதி' என்னும் பெயருடைய அதன் பெருங்கணிப்பொறி, தன் நகரத்தைத் தோற்றுவித்த சரித்திரம் மாறிவிடலாகாது என்று அஞ்சியது. ஆதலின் இத்தீவுகளைத் தானே படைத்து, மக்களின் நினைவை அழித்துக் குடியேற்றி, அவர்களுடைய ஒவ்வோர் அடியையும் பதிவேடுகளின் வாயிலாக நெறிப்படுத்தி வந்தது.

திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரமும் உண்டு. இரண்டையும் ஒரே நூலில் வைத்த அறிஞரின் உள்ளம் இங்கே நினைவுக்கு வருகின்றது. தலையெழுத்து என்று நாம் தலைவணங்குவது, யாரோ ஒருவர் தம் நலங்கருதி எழுதிவைத்ததாகவும் இருக்கலாம் என்று இவ்வாட்டம் எச்சரிக்கின்றது. ஆடுபவரும் அந்த ஏட்டைத் தம் வசதிக்காக நாள்தோறும் நாடியவரே என்பதால், அந்த எச்சரிக்கை அவரையும் தொடுகின்றது.

இனி, கதையின் உயிர்நிலையான இடம். வைப்பர் படையோடு மறைந்த கடலுக்குச் 'சாக்கடல்' என்று பெயர். அங்கே அலைகள் எழுந்தபடியே உறைந்து நிற்கின்றன. அவற்றினிடையே நெடுங்கட்டடங்களின் இடிபாடுகள் சிதறிக் கிடக்கின்றன. அவை எந்த நாட்டவை? முதலாட்டத்தில் நாயகர்கள் அழியச் செய்தார்களே, அந்த இருண்ட எதிர்காலத்தின் எச்சங்கள் அவை. உலகைக் காத்தோம் என்று மகிழ்ந்தவர்களுக்கு அது பகைவன் ஒருவனின் வீழ்ச்சியாகத் தோன்றியது. ஆனால் அக்கொடிய காலத்திலும் பசித்தவர்கள் இருந்தனர். ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு வாழ்ந்தனர். சரித்திரம் திருந்தியபோது அவர்கள் விடுதலை பெறவில்லை, பிறவாதவர் ஆயினர். அங்கே தோன்றும் குழந்தைகளின் ஆவியுருக்கள், அதற்கு யார் பொறுப்பு என்று வினவுகின்றன. முதலாட்டத்தை ஆடி மகிழ்ந்தவருக்கு, அவ்வினா நேரே தம்மை நோக்கி எறியப்பட்டதாகவே படும்.

நேயர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். 'நாம் ஊரை விட்டு வந்திருக்கவே கூடாது' என்று சிலவேளை சொல்லிக்கொள்கின்றோம். அது நம்மை மட்டும் குறித்த பேச்சு என்று கருதுகின்றோம். ஆனால் வாராத உலகில், இங்கே பிறந்து, இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ கனவு காண்கின்ற நம் பிள்ளைகள் இல்லை. நோயுற்ற இரவில் கதவைத் தட்டியதும் ஓடிவந்த அடுத்த வீட்டார் நமக்கு யாரோ ஆவர். வந்ததை முழுவதும் துடைத்தெறிய விரும்புவது, அறியாமலேயே அவர்களையும் துடைத்தெறிய விரும்புவதாகும். அவ்வாறே, 'வந்ததே நலம். ஊரில் என்ன இருக்கின்றது' என்று இறுமாந்து பேசுவதும் ஒரு கல்லறையைக் காணாததுபோல் கடந்து செல்வதேயாகும். அங்கே நாம் இல்லாததால் நேர்ந்த வெறுமை மெய்யானது. நம்மை எதிர்பார்த்த திண்ணைகளும், நாம் தோள்கொடுக்காத பாடைகளும் மெய்யானவை.

இந்த இரண்டில் எதனையும் பொய்யாக்காமல் வாழ்வது எப்படி என்பதற்கு ஆட்டத்தின் முடிவு ஒரு வழி காட்டுகின்றது. முதலாட்டத்தில் காலச்சுழலில் தொலைந்துபோன ஷாலா என்னும் இளவரசி, பூதத்தோடு பிணைக்கப்பட்டு, காலத்தையே விழுங்கும் ஒரு பேருருவாக மாறியிருக்கின்றாள். அதனை வாளால் வெல்லலாம். வென்றால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அவள் மீள்வதில்லை. கதை ஒன்றும் சொல்லாமல் திரை மூடும். மற்றொரு வழி உண்டு. இவ்வாட்டத்தில் ஆற்றல்கள் யாவும் ஆறு நிறங்களுக்கு உரியவை. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்ற வரிசையில், இடையே பகைவன் குலைத்துவிடாதபடி பொறுமையோடு ஒவ்வொன்றாக எழுப்பினால், ஒவ்வொன்றும் ஒரு சுரமாக ஒலித்து, ஒரு பண்ணாகக் கூடும். அதன்பின் 'க்ரோனோ க்ராஸ்' என்னும் பொருளைப் பயன்படுத்தினால், அவள் விடுபடுகின்றாள். பகை நிறங்களான கறுப்பும் வெள்ளையும் அருகருகே நின்றால்தான் அந்தப் பண் நிறைவுறும் என்பது கருதத்தக்கது. யாசுனோரி மித்சுதாவின் இசை இவ்விடத்தில் கதைக்கு அணியாக நில்லாமல், கதையின் தீர்ப்பாகவே அமைகின்றது.

குறையில்லாத படைப்பு என்று இதனைச் சொல்லமாட்டோம். செர்ஜோடு சேர்த்து நாற்பத்தைந்து பேரை ஆடுபவர் தம் குழுவில் சேர்க்கலாம். அவர்களுள் பலர் பெயரளவில் வந்துபோகின்றனர். கதையின் முடிச்சுகள் பலவும் இறுதியில் ஒரே மூச்சில் அவிழ்க்கப்படுவதால், கவனித்துக் கேட்பவரும் திணறிப் போவர். ஆயினும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தக் கூட்டமே ஒரு விருந்தாயிற்று. ஒரே உரையாடலை நாற்பதுக்கு மேற்பட்டோருள் எவரும் பேச நேரலாம் என்பதால், ஆங்கிலப் பெயர்ப்பை மேற்கொண்ட ரிச்சர்ட் ஹனிவுட் குழுவினர் ஒரு பொது வாசகத்தை எழுதி, அதனைப் பேசுபவரின் கொச்சைக்கேற்ப மாற்றித்தரும் நிரலைப் பயன்படுத்தினர். ஒரு வாக்கியமே வாய்க்கு வாய் வேறாகும், பொருள் மாறாது. ஊர்விட்டு ஊர்வந்து தமிழ் பேசும் நம் நாவுகளை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம்.

இவ்வாட்டம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய கருவிகளுக்கேற்பப் புதுப்பிக்கப்பெற்று வெளிவந்தது. வானொலி வழியே வந்த அந்தச் சிறிய ஆட்டமும் அதனோடு முதன்முறையாக ஆங்கிலத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. வீட்டிலுள்ள இளைஞர்கள் இத்தகைய ஆட்டங்களில் ஆழ்ந்திருக்கக் கண்டால், பொழுது பாழாகின்றதே என்று வருந்துவதோடு நில்லாமல், அருகில் அமர்ந்து, 'கதை என்ன?' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 'நாம் ஊரிலேயே இருந்திருந்தால் நான் யாராக இருந்திருப்பேன்?' என்று அவர்கள் திருப்பிக் கேட்கவும் கூடும். அந்த வினாவுக்கு விடை சொல்லத் தகுதியுடையவர்கள் அவர்களுடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே. விட்டு வந்த தெருவின் பெயரையும், அங்கே இன்னும் வாழ்வோரின் பெயர்களையும் அப்போது தயங்காமல் சொல்லுங்கள். நடவாத சரித்திரத்திற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.